செய்யாத பாவத்திற்கு மன்னிப்புக் கேட்கலாமா?

பிறருடைய பாவங்களை அறிக்கையிடுவது மனிதருக்கு மிக எளிது. பாவசங்கீர்த்தனம் கேட்க அமரும் எந்தக் குருவும் இதை அறிவார். தம் குற்றத்தைச் சொல்ல வந்தவர், கணவரின் குடியையும் மருமகளின் வாயையும் அண்டை வீட்டாரின் வேலித் தகராறையும் சொல்லி முடிப்பதற்குள் பூசைக்கு மணி அடித்துவிடும். "அவை அவர்களுடைய பாவங்கள், உம்முடையதைச் சொல்லும்" என்று மெல்ல நினைவூட்ட வேண்டியிருக்கும்.

இதற்கு நேர்மாறான ஒரு நிலையும் உண்டு. தான் செய்யாத குற்றத்தைத் தன் தோளில் ஏற்று, பாதிக்கப்பட்டவர் முன் தலை குனிந்து நிற்கிறார் ஒருவர். இதை எப்படிப் புரிந்துகொள்வது? செய்யாத பாவத்திற்கு மனத்துயர் கொள்ள இயலுமா? இயலாது எனில், அந்த மன்னிப்புக் கோரிக்கை வெறும் நாவசைவுதானா? ஒழுக்கவியல் நூல்களில் மட்டும் எழும் வினா அன்று இது. தந்தையின் நிலத்தையும் பெயரையும் வாங்கி வாழும் ஒவ்வொருவரையும் இது தொடும். பெல்ஜிய நாட்டு அரசியல்வாதி ஒருவரின் வாழ்வைத் துணைக் கொண்டு இவ்வினாவைச் சிறிது ஆராய்வோம்.

2000ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், ஆப்பிரிக்காவின் ருவாண்டா நாட்டுத் தலைநகரான கிகாலியில், இனப்படுகொலையின் ஆறாம் ஆண்டு நினைவு நாள் கடைப்பிடிக்கப்பட்டது. அங்கு வந்திருந்த பெல்ஜியப் பிரதமர் கீ வெர்ஹோஃப்ஸ்டாட், தம் நாட்டுக்கு இருந்த பொறுப்பை ஒப்புக்கொண்டு, தம் நாட்டின் பெயராலும் மக்களின் பெயராலும் மன்னிப்பு வேண்டினார். ஆள்வோர் வழக்கமாகப் பேசும் மொழியன்று அது. 1998 மார்ச்சில் அதே நகரின் விமான நிலையத்தில் இறங்கிய அமெரிக்க அதிபர் கிளின்டன், உலகம் விரைந்து செயற்படவில்லை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் மன்னிக்கும்படி கேட்கவில்லை. 2021 மே மாதம் கிகாலியில் பேசிய பிரெஞ்சு அதிபர் மக்ரோனும் தம் நாட்டின் பொறுப்பை ஏற்றாரே அன்றி, 'மன்னியுங்கள்' என்னும் இடம்வரை செல்லவில்லை.

யார் இந்த வெர்ஹோஃப்ஸ்டாட்? பெல்ஜியத்தில் டச்சு மொழி பேசும் பிளாண்டர்ஸ் பகுதியில், டெண்டர்மொண்டே நகரில் 1953 ஏப்ரல் 11இல் பிறந்தவர். கென்ட் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று, மாணவப் பருவத்திலேயே லிபரல் மாணவர் சங்கத்திற்குத் தலைவரானார். 1982இல், 29 வயதில், பிளமிய லிபரல் கட்சியின் தலைமை அவரைத் தேடி வந்தது. 1985இல் துணைப் பிரதமராகவும் வரவு செலவுத் திட்ட அமைச்சராகவும் பொறுப்பேற்றார். அரசுச் செலவைக் குறைப்பதில் அவர் காட்டிய பிடிவாதத்தைக் கண்டவர்கள் 'குட்டித் தாட்சர்' என்று பெயரிட்டனர். 1992இல் கட்சியைப் புதுப்பித்துப் புதிய பெயருடன் தொடங்கினார். 1995 தேர்தலில் எதிர்பார்த்த வெற்றி கிட்டாததால் தலைமையை விட்டு விலகினார். இரண்டாண்டுகளுக்குப் பின் மீண்டும் அதை ஏற்றார். 1999 ஜூலையில் பிரதமரானார். 1938க்குப் பின் அந்நாட்டில் லிபரல் ஒருவர் பிரதமரானது அப்போதுதான். கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியினர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாக எதிர்வரிசையில் அமர்ந்ததும் அப்போதுதான்.

பெல்ஜியத்தில் 'லிபரல்' என்ற சொல்லுக்குக் கத்தோலிக்கர் காதில் ஒரு தனி ஒலி உண்டு. 1846இல் தொடங்கப்பட்ட லிபரல் கட்சி, பள்ளிகளிலும் பொது வாழ்விலும் திருச்சபைக்கு இருந்த செல்வாக்கை எதிர்த்து வளர்ந்தது. 1879 முதல் 1884 வரை கல்வியை முன்னிட்டு அரசுக்கும் திருச்சபைக்கும் நடந்த மோதலைப் 'பள்ளிப் போர்' என்றே வரலாறு குறிக்கிறது. 1961இல்தான் அக்கட்சி பழைய குருத்துவ எதிர்ப்பைக் கைவிட்டு, நம்பிக்கையாளருக்கும் கதவைத் திறந்தது. அத்தகைய மரபில் வந்தவர், பாவசங்கீர்த்தனத்தின் மொழியை ஓர் அரசியல் மேடைக்குக் கொண்டு வந்தார் என்பது நம்மைச் சற்றே நின்று சிந்திக்க வைக்கிறது.

அவர் எதற்காக மன்னிப்புக் கேட்டார்? முதல் உலகப் போரின்போது செர்மானியரிடமிருந்து ருவாண்டாவைக் கைப்பற்றிய பெல்ஜியம், 1962 வரை அதை ஆண்டது. ஹூட்டு, டுட்சி என்னும் பிரிவுகள் முன்பே இருந்தவை. ஆனால் ஒருவர் எப்பிரிவினர் என்பதை அடையாள அட்டையில் பொறித்து, மாற்ற இயலாத இனங்களாக அவற்றை இறுக்கியது 1930களின் பெல்ஜிய நிர்வாகமே. அறுபது ஆண்டுகளுக்குப் பின், சாலைத் தடைகளில் கத்தியுடன் நின்றவர்கள் கேட்டது அந்த அட்டையைத்தான்.

1994 ஏப்ரல் 6இல் ருவாண்டா அதிபரின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள் பெண் பிரதமர் அகதே உவிலிங்கியிமானா கொலையுண்டார்; அவருக்குக் காவலாக அனுப்பப்பட்ட ஐ.நா. படையைச் சேர்ந்த பெல்ஜிய வீரர் பத்துப் பேரும் அன்றே கொல்லப்பட்டனர். அதிர்ச்சியடைந்த பெல்ஜியம் தன் படையைத் திரும்ப அழைக்க முடிவு செய்தது. மற்ற நாடுகளும் அவ்வாறே செய்யவேண்டும் என்றும் வற்புறுத்தியது. ஏப்ரல் 11இல், கிகாலியில் சலேசிய சபையார் நடத்திய தொன் போஸ்கோ தொழிற்பள்ளியிலிருந்து பெல்ஜிய வீரர்கள் வெளியேறினர். அவர்களை நம்பி அங்கே அடைக்கலம் புகுந்திருந்தோர் ஏறத்தாழ 2,000 பேர். கொலைகாரர்கள் வாயிலுக்கு வெளியே காத்திருந்தனர். சில மணி நேரத்தில் அம்மக்களுள் பெரும்பாலோர் வெட்டுண்டு மாண்டனர். நூறு நாட்களில் மாண்டவர் தொகை 8,00,000 என்பது ஐ.நா. கணக்கு, பத்து இலட்சத்திற்கும் மேல் என்பது ருவாண்டா அரசின் கணக்கு.

இங்கேதான் நம் வினா கூர்மையடைகிறது. 1994இல் வெர்ஹோஃப்ஸ்டாட் ஆட்சியில் இல்லை. எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார். படையைத் திரும்ப அழைத்தது கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த தெஹானேயின் அரசு. அடையாள அட்டை முறை வந்தபோது வெர்ஹோஃப்ஸ்டாட் பிறக்கவே இல்லை. எனவே அவர் அறிக்கையிட்டது பிறருடைய பாவத்தை. அதிலும், தம் அரசியல் எதிரிகளின் பாவத்தை. மருமகளின் குற்றத்தைக் குருவிடம் சொல்லும் மாமியாருக்கும் இவருக்கும் என்ன வேறுபாடு? இந்த ஐயத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

விவிலியம் இதில் இரு குரல்களில் பேசுவதுபோல் தோன்றுகிறது. தந்தையர் புளித்த திராட்சையைத் தின்றதால் பிள்ளைகளின் பல் கூசும் என்ற பழமொழியை எசேக்கியேல் இறைவாக்கினர் தம் 18ஆம் அதிகாரத்தில் உறுதியாய் மறுக்கிறார். பாவம் செய்தவரே அதன் தண்டனையைச் சுமப்பார். தந்தையின் குற்றம் மகன்மேல் விழாது. ஆனால் நெகேமியாவோ, எருசலேமின் மதில்கள் இடிந்து கிடப்பதைக் கேள்வியுற்று அழுது மன்றாடும்போது, தானும் தன் தந்தை வீட்டாரும் பாவம் செய்ததாக அறிக்கையிடுகிறார். நேர்மையாளர் என்று பெயர் பெற்ற தானியேலும் தம் முன்னோரின் பாவத்தை 'நாங்கள்' என்னும் சொல்லுக்குள் அடக்கியே வேண்டுகிறார்.

இவ்விரு குரல்களும் முரண்படுவதில்லை. குற்றம் வேறு, கடன் வேறு என்று பிரித்தால் தெளிவு பிறக்கும். பாட்டனார் பொய்ப் பத்திரம் எழுதி அண்டை வீட்டாரின் நிலத்தைச் சேர்த்துக்கொண்டார் எனக் கொள்வோம். பேரன் அப்பாவத்தைச் செய்தவன் அல்லன். இறைவன்முன் அதற்காக அவன் கணக்குக் கொடுக்கவேண்டியதில்லை. ஆனால் அந்நிலத்தின் நெல் அவன் களஞ்சியத்தில் இருக்கிறது. நிலத்தை இழந்தவரின் பேரன் கூலிக்குப் போகிறான். உண்மை தெரிந்த நாளிலிருந்து, பேரன் அதைப் பற்றி என்ன செய்கிறான் என்பது அவனுடைய கணக்கில் ஏறத் தொடங்குகிறது. எசேக்கியேல் சொல்வது அவனுடைய குற்றமின்மையைப் பற்றி. நெகேமியா காட்டுவது அவனுடைய கடமையைப் பற்றி.

ஒரு நாடும் அத்தகைய குடும்பமே. ஆட்சிகள் மாறினாலும் அரசு என்னும் ஆள் தொடர்கிறார். பழைய அரசு வாங்கிய கடனைப் புதிய அரசு திருப்பிச் செலுத்துகிறது. அது எதிர்க்கட்சியினர் வாங்கிய கடன் என்று யாரும் மறுப்பதில்லை. பணத்தில் ஏற்கும் தொடர்ச்சியை ஒழுக்கத்தில் மட்டும் ஏற்க மறுப்பது நேர்மையாகாது. வெர்ஹோஃப்ஸ்டாட் கிகாலியில் 'அவர்கள்' என்று தம் எதிரிகளைச் சுட்டியிருந்தால், அது மாமியாரின் பாவசங்கீர்த்தனமே ஆகியிருக்கும். அவர் சொன்னது 'என் நாடு' என்பது. அச்சொல் தெஹானேயை மட்டுமின்றி அவரையும் உள்ளடக்கியது.

திருச்சபையும் அதே வேளையில் இவ்வினாவோடுதான் போராடிக்கொண்டிருந்தது. யூபிலி ஆண்டின் மார்ச் 12ஆம் நாள், தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று, திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் தூய பேதுரு பேராலயத்தில் திருச்சபையின் மக்கள் கடந்த காலத்தில் செய்த பாவங்களுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டி, பாடுபட்ட சிலுவையை முத்தமிட்டார். கிகாலி நிகழ்ச்சிக்கு 26 நாட்களுக்கு முன் அது நடந்தது. அதனையொட்டி, பன்னாட்டு இறையியல் ஆணையம் வெளியிட்ட 'நினைவும் ஒப்புரவும்' என்னும் ஏடு, பாவம் எப்போதும் அதைச் செய்த ஆளுக்கே உரியது என்பதை வலியுறுத்துகிறது. ஆயினும் காலங்களைக் கடந்து ஒரே உடலாய் வாழும் சமூகம், தன் முன்னோரின் தவறு விட்டுச் சென்ற சுமையை ஏற்க இயலும், ஏற்கவும் வேண்டும் என்று அது விளக்குகிறது.

'வாயால் மன்னிப்புக் கேட்பதில் என்ன செலவு?' என்று கேட்போர் உண்டு. அது செலவில்லாத காரியமாயின், அரசுகள் அதற்கு அஞ்சுவானேன்? காங்கோ, ருவாண்டா, புருண்டி ஆகிய நாடுகளில் நடந்த ஆட்சியை ஆராயப் பெல்ஜிய நாடாளுமன்றம் 2020இல் அமைத்த குழு, இரண்டரை ஆண்டு உழைத்தும், 2022 டிசம்பரில் மன்னிப்புக் கேட்பதா என்ற கேள்வியில் உடைந்து போனது. இழப்பீட்டுக் கோரிக்கைகள் எழுமென்று அஞ்சித் தயங்கிய கட்சிகளுள் வெர்ஹோஃப்ஸ்டாட் வளர்த்த லிபரல் கட்சியும் ஒன்று. மன்னிப்புக் கேட்டபின் அடுத்து ஒன்று வரும் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள்.

அது என்ன என்பதை நம் பாட்டிமாரும் அறிந்திருந்தார்கள். நல்ல பாவசங்கீர்த்தனத்திற்கு ஐந்து காரியங்கள் வேண்டுமென்று அவர்கள் மனப்பாடமாய்ச் சொல்வார்கள்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், பிரதிக்கினை, பாவசங்கீர்த்தனம், அபராதம் தீர்த்தல். கிகாலியில் நடந்ததை இந்த உரைகல்லில் தேய்த்துப் பார்க்கலாம்.

ஆத்தும சோதனை நடந்தது. 1997இல் பெல்ஜிய செனட் அமைத்த விசாரணைக் குழு, தன் அரசும் படையும் எச்சரிக்கைகளை எவ்வாறு கோட்டை விட்டன என்று ஆராய்ந்து, அவ்வாண்டு டிசம்பரில் அறிக்கை தந்தது. அக்குழுவின் அறிக்கையாளருள் ஒருவர் செனட் உறுப்பினராயிருந்த வெர்ஹோஃப்ஸ்டாட். மூன்றாண்டுகளுக்குப் பின் அவர் கிகாலியில் பேசியது, ஆவணங்களைப் படித்து, சாட்சிகளைக் கேட்டபின் பேசிய பேச்சு. மனஸ்தாபத்தை இறைவன் மட்டுமே அளக்க இயலும். பிரதிக்கினை என, பழைய குடியேற்ற நாடுகளுக்கு ஐ.நா. பணியில் இனிப் படை அனுப்பலாகாது என்று அக்குழு பரிந்துரைத்தது. அது பாவச் சமயத்தை விலக்குவதா, அல்லது உதவக்கூடிய கையை மடக்கிக்கொள்வதா என்று இன்றும் கேட்கத் தோன்றுகிறது.

அபராதம் தீர்த்தலில்தான் கணக்கு இடறுகிறது. எங்கு நடந்த போர்க்குற்றத்தையும் விசாரிக்க வழிவகுத்த 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், 2001இல் பிரசல்ஸ் நகரில் ருவாண்டர் நால்வர் தண்டனை பெற்றனர். ஆனால் வல்லரசுகளின் தலைவர்கள்மேல் வழக்குகள் பாய்ந்து, அமெரிக்காவின் நெருக்கடி முற்றியபோது, 2003இல் அச்சட்டத்தின் பற்களைப் பிடுங்கியது வெர்ஹோஃப்ஸ்டாட்டின் அரசே. எளியவர் முன் தலை குனிந்தவர், வலியவர் முன்னும் குனிந்தார். இதையும் சொல்வதே நேர்மை.

கத்தோலிக்க வாசகர் இன்னொன்றையும் மறக்கமாட்டார். அவருடைய ஆட்சிக் காலத்தில்தான், 2002 மே மாதம், பெல்ஜியத்தில் கருணைக்கொலைச் சட்டம் நிறைவேறியது. உயிர் இறைவனுக்குரியது என்று நம்பும் நாம் அதை ஏற்க முடியாது. அத்தகையவரிடமிருந்து ஒப்புரவைப் பற்றி நாம் எதைக் கற்பது என்று சிலர் கேட்கலாம். சமாரியரின் வழிபாட்டில் பிழை உண்டென்று கிணற்றடியில் வெளிப்படையாய்ச் சொன்ன அதே ஆண்டவர், அயலான் யாரென்று காட்ட ஒரு சமாரியனையே எடுத்துக்காட்டினார். குருவும் லேவியனும் விலகிச் சென்ற வழியில் ஒருவன் நின்றான் என்றால், அவன் நின்றதை நாம் மறைக்கலாகாது. அவனுடைய பிழையையும் நாம் சரியென்று சொல்லவேண்டியதில்லை.

குருவும் லேவியனும் என்றது அணிக்காகச் சொன்னதன்று. ருவாண்டா ஆப்பிரிக்காவின் பெருமைமிகு கத்தோலிக்க நாடாக எண்ணப்பட்டது. 1943இல் திருமுழுக்குப் பெற்ற மன்னர் முட்டாரா ருடாஹிக்வா, 1946இல் நாட்டைக் கிறிஸ்து அரசருக்கு ஒப்புக்கொடுத்தார். 1994இல் மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் கத்தோலிக்கர். நியமாட்டா, என்டராமா, நியாருபுயே ஆகிய ஆலயங்களில் அடைக்கலம் தேடியவர்கள் பலிபீடத்தின் முன்னேயே வெட்டப்பட்டனர். வெட்டுண்டவர்களும் ஞாயிறுதோறும் நற்கருணை வாங்கியவர்கள்; வெட்டியவர்களுள் பலரும் அப்படியே. மந்தைக்காக உயிர் கொடுத்த குருக்களும் கன்னியரும் உண்டு. மந்தையைக் காட்டிக்கொடுத்தவர்களும் உண்டு: பிரசல்சில் தண்டனை பெற்ற நால்வருள் இருவர் துறவறக் கன்னியர்.

இக்குற்றங்கள் தனி ஆட்களுடையவை, திருச்சபையுடையவை அல்ல என்பதே நெடுங்காலம் நாம் தந்த விடை. இறையியல்படி அதில் தவறில்லை. ஆனால் உடன்பிறப்பை இழந்து நிற்பவர் காதில் அது எப்படி ஒலித்திருக்கும்? 2016 நவம்பரில்தான் ருவாண்டா ஆயர்கள், படுகொலையில் பங்கேற்ற கிறிஸ்தவர்களுக்காக மன்னிப்புக் கோரினர். 2017 மார்ச் 20இல் திருத்தந்தை பிரான்சிஸ், திருச்சபையின் பாவங்களுக்காகவும் அதன் உறுப்பினரின் பாவங்களுக்காகவும் இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். லிபரல் பிரதமர் ஆறு ஆண்டுகளில் சென்றடைந்த இடத்தை நாம் அடைய இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின.

வெர்ஹோஃப்ஸ்டாட் 2008 மார்ச்சில் பிரதமர் பதவியை விட்டார். பின்னர் 2009 முதல் 2024 வரை ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் உறுப்பினராய் இருந்தார். வரலாறு அவரை ஐரோப்பிய ஒற்றுமையின் வழக்கறிஞராக நினைக்கலாம்; கருணைக்கொலைச் சட்டத்தின் காலத்துப் பிரதமராக நினைக்கலாம். கிகாலியில் அவர் நின்ற சில நிமிடங்களை நாம் நினைப்போம். அங்கு அவருக்குப் பாவமன்னிப்பு வழங்கக்கூடியவர் யாருமில்லை. மாண்டவர் சார்பில் மன்னிக்க எவருக்கும் உரிமையில்லை. உயிர் தப்பியவர்மேல் மன்னிக்கும் கடமையைச் சுமத்தவும் எவருக்கும் உரிமையில்லை. மன்னிப்புக் கேட்பவர் விடை பெறாமலே திரும்பவேண்டியிருக்கலாம் என்று அறிந்தும் கேட்க வேண்டும். கேட்பது கடன், கிடைப்பது கொடை.

இதைப் படித்து முடித்து, 'தொலைவில் உள்ள நாட்டின் கதை' என்று நாம் ஏட்டை மூடிவிடலாம். ஆனால் நம் பங்குகள் சிலவற்றில், கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர் நிற்கிறது. ஒரே திருமுழுக்குத் தொட்டியில் நனைந்தவர்களை மண்ணுக்குள்ளும் சாதியால் பிரிப்பதற்காக எழுப்பிய சுவர் அது. அதைக் கட்டியவர்கள் யாரும் இன்று உயிரோடில்லை. 'நான் கட்டவில்லையே' என்று நாம் சொல்வது முற்றிலும் உண்மை. எசேக்கியேல் நம் பக்கம் நிற்கிறார். ஆயினும் சுவரின் வசதியான பக்கத்தில் நமக்கென ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்குமானால், அப்புறத்தில் புதைக்கப்படுகிறவரின் பிள்ளைகளிடம் 'நாங்கள்' என்று தொடங்கி ஒரு வாக்கியம் சொல்லவேண்டிய கடமை நமக்கு உண்டு. சொன்னபின், கடப்பாறையை எடுக்க வேண்டிய கடமையும் உண்டு. இடிந்த மதிலைக் கேட்டு அழுத நெகேமியா, அழுது முடித்தபின் எழுந்துபோய் மதிலைக் கட்டினார். நமக்கு வாய்த்திருப்பது இடிக்கும் வேலை.